நாலு விரல் உயரம்

பட்டாளத்தில் பதினான்கு வருஷம் வண்டி பழுது பார்த்துவிட்டு வீரையன் ஊர் திரும்பியபோது கையில் ஒரு தகரப் பெட்டியும் காலில் ஒரு ஜோடி பூட்ஸும் இருந்தன. பெட்டிக்குள் ஸ்பானர்கள், சுத்தியல், உளிகள், இரண்டு ஜாக்கிகள். பூட்ஸோடு மேலத்தெரு வழியாக நடந்து வந்த அன்று யாரும் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் களத்தில் மேலத்தெரு ஆட்கள் அவன் மாமனாரைக் கூப்பிட்டு, பூட்ஸோடு அந்தத் தெருவில் நடக்கக் கூடாது என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு அவன் வாய்க்கால் கரை வழியாகவே கீழத்தெருவுக்குப் போய்வந்தான். பயந்துகொண்டு இல்லை, அதுதான் குறுக்கு வழி என்று மனைவி ராசம்மாளிடம் சொன்னான்.

குடவாசலுக்குத் தெற்கே நாலு மைல் தள்ளி இருக்கிற மேலப்பூங்குடிதான் அவன் ஊர். ஆட்சி மாறிய வருஷம் அது. மேலத்தெருவில் கறுப்பு சிவப்புக் கொடியும் கீழத்தெருவில் செங்கொடியும் ஏறியிருந்தன. அறுவடை வந்தால் கூலித் தகராறும் வந்தது. உள்ளூர் ஆள் வேண்டாம் என்று மிராசுதார்கள் வெளியூரிலிருந்து லாரியில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். லாரி வயலுக்கு வர ஒரே பாதைதான் உண்டு. வாய்க்கால் கரை. அதே பாதைதான் கீழத்தெருவுக்கும் போகிறது.

மூன்றாவது வருஷம் தை மாதம் கீழத்தெரு ஆட்கள் அந்தக் கரையைக் குறுக்கே வெட்டினார்கள். வெட்டச் சொன்னவன் இராஜாங்கம். சங்கத்தின் கிளைத் தலைவன். வீரையனுக்கு அடுத்த வீடு, இரண்டு வயது மூத்தவன். வீரையன் அவனை அண்ணன் என்றுதான் கூப்பிடுவான். வெட்ட இறங்கிய இருபது பேரில் வீரையனும் ஒருவன். முழங்கால் ஆழத்துக்குத் தோண்டிவிட்டு எல்லாரும் மேலேறியபோது அவன் மட்டும் நின்று பார்த்தான். இது போதாது என்றான். சக்கரம் இறங்கி ஏறிவிடும். தோண்டிய மண்ணை வாய்க்காலில் தள்ளாமல் இரண்டு விளிம்பிலும் மேடாகக் குவிக்க வேண்டும். முன்சக்கரம் பள்ளத்தைத் தாண்டினாலும் வண்டியின் வயிறு மேட்டில் தட்டி உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் நாலு சக்கரமும் சுற்றினாலும் நகராது.

"பட்டாளத்தான் சொல்றபடி செய்ங்க," என்றான் இராஜாங்கம். அப்படியே செய்தார்கள். ஆள் நடக்க மட்டும் இரண்டு பனங்கட்டையைப் போட்டார்கள்.

மூன்றாம் நாள் மேலத்தெரு மிராசுதார் பண்ணை ரெங்கசாமியின் ஜீப் அதில் வந்து உட்கார்ந்தது. வீரையன் சொன்னது போலவே வயிறு மேட்டில் ஏறிக்கொண்டது. ஏர் மாடு இரண்டு ஜோடி கொண்டுவந்து கட்டி இழுத்தார்கள். வேலை முடித்துத் திரும்பிய பெண்கள் வாய்க்காலின் அந்தப் பக்கம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ரெங்கசாமி வண்டியை விட்டு இறங்கவே இல்லை. முன் இருக்கையில் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் அவருடைய டிரைவர் அரசப்பன் வீரையனைத் தேடி வந்தான். ஐயா கூப்பிடுகிறார் என்றான்.

வீரையன் கொல்லைப்புற வழியாகப் போனான். ரெங்கசாமி அவனை முன்பக்கம் வரச் சொன்னார். "வா வீரையா. உக்காரு," என்று பெஞ்சைக் காட்டினார். அந்தப் பேச்சின் வால் 'டா' இல்லாமல் முடிந்ததை வீரையன் கவனித்தான். பிற்பாடு அவன் எத்தனையோ தடவை திரும்பிப் பார்த்த இடம் அது. பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தான்.

வயல் பாதையெல்லாம் ஜீப்புக்கு அடி தட்டுகிறது என்றார் ரெங்கசாமி. கொஞ்சம் உயர்த்த வேண்டும். கும்பகோணத்துப் பட்டறையில் விட்டால் இரண்டு வாரம் வைத்துக்கொள்வான், அறுவடை நேரம், வண்டி இல்லாமல் முடியாது. வீட்டிலேயே செய்ய முடியுமா என்று கேட்டார். பட்டாளத்தில் இதெல்லாம் செய்திருப்பாயே என்றார். எந்தப் பாதைக்கு என்று அவர் சொல்லவில்லை. வீரையனும் கேட்கவில்லை. முடியும் என்றான்.

இரண்டு நாள் வேலை. முதலில் கும்பகோணம் போய் காதர் மைதீனின் பழைய இரும்புக் கடையில் அரை நாள் குடைந்தான். கழித்துப்போட்ட ராணுவ வண்டி ஒன்றின் ஸ்பிரிங் பட்டைகள் கிடைத்தன, அகலம் சரியாக இருந்தது. நீளமான பிரேக் ஹோஸ், பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய், மூன்று வாங்கினான். வண்டியின் அடிச்சட்டமான சேஸ் மேலே ஏறி, அச்சு கீழேயே நின்றால் பழைய ஹோஸ் இழுபட்டு அறுந்துவிடும். ஸ்பிரிங்கைச் சேஸோடு கோக்கும் இரும்புத் தகடுகளை இன்னும் நீளமாக அடித்துத் தரக் கொல்லனிடம் கொடுத்தான். வருவதற்கு முன்பே ஸ்பிரிங்கை அச்சோடு இறுக்கும் ஜீப்பின் யூ போல்ட்டுகள் எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைக்கச் சொல்லியிருந்தான்.

களத்தில் வண்டியை நிறுத்தினார்கள். அந்த மண்ணை வீரையன் நம்பவில்லை. டெல்டாவின் களிமண் மேலே காய்ந்து ஓடாக இருக்கும், ஒரு ஜாண் கீழே ஈரம். ஜாக்கியை நேரே வைத்தால் பாரம் ஏற ஏற அது ஒரு பக்கமாகப் புதையும். பனைப் பலகை இரண்டைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு அதன்மேல் ஜாக்கியை வைத்தான். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தான். சக்கரம் தரையில் இருக்கும்போதே அதன் நட்டுகளைத் தளர்த்திவிட்டான், தூக்கிய பிறகு அதை அசைத்துக்கொண்டிருக்கக் கூடாது. அரசப்பன் முட்டுக் கொடுக்கச் செங்கல் கொண்டுவந்தான். வீரையன் வேண்டாம் என்றான். கல்லுரல் இருக்கிறதே என்றான் அரசப்பன். அதுவும் வேண்டாம் என்றான்.

"மரம்னா முனகும், சத்தம் குடுக்கும். கல்லு சொல்லாம உடையும்," என்றான். "ஜாக்கி தூக்குறதுக்குத்தான் அரசப்பா. தாங்குறதுக்கு இல்ல."

கருவேலங்கட்டைகளை முழ நீளத்துக்கு அறுத்து, இரண்டு நேராக, இரண்டு குறுக்காக, சதுரக் கிணறு கட்டுவது போல அடுக்கி சேஸுக்கு அடியில் ஏற்றினான். கொஞ்சம் தூக்குவான், கட்டை வைப்பான். மறுபடி கொஞ்சம். கடைசியில் ஜாக்கியை இறக்கிப் பாரம் முழுவதும் கட்டையில் உட்கார்ந்த பிறகு, தோளைக் கொடுத்து வண்டியை இரண்டு பக்கமும் தள்ளிப் பார்த்தான். விழுவதாக இருந்தால் இப்போதே விழட்டும் என்பான். அது நகரவில்லை. அப்புறம்தான் சாக்கை விரித்து மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான்.

வண்டிக்கு அடியில் படுத்திருப்பவனுக்கு உலகம் கணுக்கால் உயரம்தான். வருகிறவர் போகிறவர் எல்லாம் கால்கள்தாம். காலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவான் வீரையன். அரசப்பனுக்கு உள்நோக்கி வளைந்த பாதம், ரெங்கசாமிக்குத் தோல் செருப்பு, வேலைக்காரப் பெண்ணின் மெட்டி.

ஸ்பிரிங்கை இறக்கிய பிறகு, நடு போல்ட்டைக் கழற்றும் முன் பட்டைகளை இரும்புக் கவ்வியால் இறுக்கிக்கொண்டான். இல்லாவிட்டால் அடுக்கு தெறித்து விரியும். அப்படித் தெறித்து ஒரு சிப்பாயின் முன்பற்கள் போனதைப் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் ஒரு பட்டை கூட்டினான், நீளத் தகடுகளை மாட்டினான், புதுப் பிரேக் ஹோஸைப் பூட்டினான். வெடித்துப்போயிருந்த பழைய ஹோஸ்களை எருக்குழியில் வீசினான். நாலு சக்கரமும் தரையில் நின்று பாரம் தாங்கிய பிறகுதான் யூ போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்கினான், ஸ்பானரில் குழாயைச் செருகி, முழு உடம்பையும் கொடுத்து. களத்தைப் பத்துச் சுற்று சுற்றிவிட்டு மறுபடி இறுக்கினான்.

பழைய உயரத்துக்குச் சுவரில் கரிக்கோடு போட்டிருந்தான். இப்போது வண்டி அந்தக் கோட்டுக்கு மேலே நாலு விரல் உயர்ந்து நின்றது. காப்பி வந்தது, கொட்டாங்குச்சியில் இல்லை, பித்தளை டம்ளரில். நின்றபடி குடித்தான். வேலை சுத்தமாக வந்திருந்தது. அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது அவன் சந்தோஷமாக இருந்தான். அவனால் மறக்கவே முடியாமல் போனது அந்தச் சந்தோஷம்தான்.

பத்து நாள் கழித்து ஒரு வெயில் நாள், மூன்று மணி இருக்கும். கீழத்தெரு ஆண்கள் எல்லாம் பக்கத்து ஊர் அறுப்பில் இருந்தார்கள். இராஜாங்கத்துக்கு மட்டும் காய்ச்சல், வீட்டில் படுத்திருந்தான். ஜீப் வாய்க்கால் கரையில் வந்தது. வெட்டில் இறங்கியது, வயிறு தட்டவில்லை, ஏறி வந்துவிட்டது. ஐந்து பேர் இறங்கினார்கள். இராஜாங்கத்தைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு வந்த வழியே போனார்கள். பார்த்தவர்கள் மூன்று பெண்கள், அதில் ஒருத்தி அவன் மனைவி கண்ணாத்தாள். வண்டிக்குப் பின்னால் வெட்டு வரைக்கும் ஓடினாள்.

மூன்றாம் நாள் ஆற்று மதகின் அடைப்பில் உடல் கிடைத்தது. காய்ச்சலில் தடுமாறி விழுந்தான் என்று போலீசார் எழுதினார்கள். ஜீப் வந்ததே என்று பெண்கள் சொன்னார்கள். ஜீப் எப்படி வரும் என்று மேலத்தெரு கேட்டது. நீங்களே வெட்டிப் போட்ட பாதைதானே, அந்த ஜீப் மூன்று வாரம் முன்னால் அங்கே மாட்டிக்கொண்டதை ஊரே பார்த்துச் சிரித்ததே என்றார்கள். கேட்டவர்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

கண்ணாத்தாள் வீரையனைத்தான் தேடி வந்தாள். வண்டி தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அழவில்லை. வாசலில் நின்றபடி கேட்டாள்.

"எப்படித் தம்பி வந்துச்சு? நீங்கதானே சொன்னீங்க, வயிறு தட்டும்னு?"

தெரியவில்லை அண்ணி என்றான் வீரையன். மறுநாளும் வந்தாள். அதையேதான் கேட்டாள். அவனிடம் பதில் இருப்பதாக நினைத்து அல்ல, கேட்காமல் இருக்க முடியாததால் கேட்டாள். அவள் போன பிறகு ராசம்மாள் அவனைப் பார்த்தாள். அவன் இரண்டு நாள் பண்ணை வீட்டில் வேலை செய்தது அவளுக்குத் தெரியும். என்ன வேலை என்று தெரியாது. வீரையன் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டான்.

அந்த வாரமே வெளி ஜில்லாவிலிருந்து ஒரு போலீஸ் அதிகாரி மறு விசாரணைக்கு வருவதாகப் பேச்சு அடிபட்டது. அரசப்பன் மறுபடி வந்தான். வண்டியைப் பழையபடி இறக்க வேண்டுமாம், இன்றைக்கே.

வீரையன் போனான். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பயம் இருந்தது, அது உண்மை. அதைவிட இன்னொரு எண்ணமும் இருந்தது. கூட்டிய பட்டையைக் கழற்றிவிட்டால், நாலு விரலும் இறங்கிவிட்டால், அவன் அதைச் செய்யவே இல்லை என்று ஆகிவிடும். ஒரு பைத்தியக்காரன் போல அதை நம்பிக்கொண்டு போனான்.

இந்தத் தடவை வண்டி களத்தில் இல்லை. வெளியாள் கண்ணில் படக் கூடாது என்று மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். மூத்திரம் ஊறிய நெகிழ்ந்த மண். கருவேலங்கட்டைகளை அடுப்புக்கு எடுத்துவிட்டார்கள் என்றான் அரசப்பன். செங்கல்தான் இருந்தது. சீக்கிரம், சீக்கிரம் என்றான். பதினான்கு வருஷத்தில் ஒரு தடவையும் செய்யாததை வீரையன் அன்று செய்தான். பலகை போடாமல் ஜாக்கியை வைத்தான். நாலு செங்கலை முட்டுக் கொடுத்தான். தோள் கொடுத்துத் தள்ளிப் பார்க்கவில்லை. அப்படியே உள்ளே போய்ப் படுத்தான்.

மூன்று பக்கம் முடிந்தது. கடைசியாகப் பின்பக்க இடது ஸ்பிரிங். பழைய தகட்டை மாட்டி, நட்டைக் கையால் திருகிக்கொண்டிருந்தான். அப்போது அவன் தலைக்கு இடதுபுறம், வண்டியை ஒட்டி, ஒருவன் வந்து நின்றான். கணுக்கால் வரை சேறு. வெடித்த குதிகால். இடது காலில் கட்டைவிரல் நகம் இல்லை.

மண்வெட்டி பட்டு அந்த நகம் போனபோது வீரையன் பக்கத்தில் இருந்திருக்கிறான். துணி கிழித்துக் கட்டியவனே அவன்தான்.

"யாரு?" என்றான். கால்கள் நகரவில்லை. சேறு காயாமல் பளபளத்தது. "அண்ணே," என்றான். பிறகு கைகளை ஊன்றி, மறுபக்கமாக, சாக்கோடு சேர்ந்து தேய்ந்து வெளியே வந்தான். எழுந்து நின்றபோது அங்கே யாரும் இல்லை. அரசப்பன் இருபது அடி தள்ளி வைக்கோல் போரில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

செங்கல் உடைந்த சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஜாக்கி சாய்ந்தது. ஜீப்பின் பின்பக்கம் அவன் படுத்திருந்த இடத்தில் இறங்கி உட்கார்ந்தது.

அரசப்பன் பீடியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான். வீரையன் பனைப் பலகை கொண்டுவரச் சொன்னான், மறுபடி தூக்கி வேலையை முடித்தான். இப்போது வண்டி பழைய உயரத்தில் நின்றது. பிரேக் ஹோஸ் மட்டும் நீளமானதுதான் இருந்தது. பழையது எருக்குழியில் புதைந்து கிடந்தது. நீளமான ஹோஸ் சக்கரத்தில் உரசாமலிருக்க அதை மடித்துக் கம்பியால் கட்டினான். கட்டும்போதே அவனுக்குத் தெரிந்தது, அதை யாராவது குனிந்து பார்த்தால் போதும் என்று.

அங்கிருந்து நேரே கண்ணாத்தாள் வீட்டுக்குப் போனான். உள்ளே போகவில்லை. வாசலில் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். பெஞ்சில் உட்கார்ந்தது, ஸ்பிரிங், டம்ளர் காப்பி, இன்றைக்கு இறக்கியது, எல்லாம். அவள் முறத்தில் இருந்த அரிசியைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"தூக்கும்போது உனக்குத் தெரியாதா?"

அதுவரை அவனை நீங்க என்றுதான் சொல்வாள். வீரையனால் தெரியாது என்று சொல்ல முடியவில்லை. மேட்டின் உயரம் சொன்னவன் அவன். வண்டியின் உயரம் அளந்தவனும் அவன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கக் கூடாது என்று மட்டும் அவன் பத்து நாள் பார்த்துக்கொண்டான்.

பிறகு கால்களைப் பற்றிச் சொன்னான். அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று சொல்லும்போதே நினைத்தான். கண்ணாத்தாள் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"சேறு இருந்துச்சா?"

"இருந்துச்சு அண்ணி. ஈரச் சேறு."

"குளிப்பாட்டித்தானே அனுப்பினோம்," என்றாள் அவள். "காலை நான்தான் தேய்ச்சுக் கழுவினேன்."

அதிகாரி வந்ததும் வீரையன் தானே போய்ச் சொன்னான். அவர் ஜீப்புக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார், வண்டியைக் கைப்பற்றினார். வழக்கு நடக்க ஒன்றரை வருஷம் ஆனது. அதற்குள் வீரையனுக்கு ஊரில் இருக்க முடியாமல் போயிற்று. மேலத்தெரு அவனைத் துரோகி என்றது. கீழத்தெரு அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, அவன் வந்தால் பேச்சை நிறுத்திக்கொண்டது. ராசம்மாளைக் கூட்டிக்கொண்டு ஒரத்தநாட்டுப் பக்கம் போனான். அங்கே ஒரு அரசுப் பண்ணையில் டிராக்டர் மெக்கானிக்காகச் சேர்ந்தான்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் பழைய வாதத்தையே வைத்தார், வண்டி அந்த வெட்டைத் தாண்டியிருக்க முடியாது. இறக்கிய வண்டியின் அளவெல்லாம் அதற்குச் சரியாகத்தான் இருந்தது. நீதிபதி வண்டியைப் பார்க்க வெளியே வந்தார். வேப்பமரத்து நிழலில், கட்டாந்தரையில், கட்டைகள் அடுக்கி, வீரையன் அந்த ஜீப்பை மூன்றாவது தடவையாகத் தூக்கினான். கம்பியை அவிழ்த்து பிரேக் ஹோஸைத் தொங்கவிட்டான். இந்த உயரத்துக்கு இவ்வளவு நீளம் எதற்கு என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சேஸை நாலு விரல் ஏற்றியபோது ஹோஸ் சரியாக நிமிர்ந்து நின்றது. யூ போல்ட்டின் மரையில் இன்னொரு பட்டை கனத்துக்கு நட்டு உட்கார்ந்திருந்த தடத்தையும் காட்டினான். காதர் மைதீனும் வந்து, இவர் என் கடையில்தான் வாங்கினார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வக்கீல் விடவில்லை. அப்படியானால் நீதான் இதைச் செய்தவன், தெரிந்துதான் செய்தாயா என்று கேட்டார். வீரையன் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நீதிபதியும் கேட்டார்.

"தெரியாதுன்னு சொல்ல முடியலீங்க," என்றான்.

அரசப்பனுக்கும் இன்னும் மூன்று பேருக்கும் தண்டனை கிடைத்தது. ரெங்கசாமி சொல்லித்தான் போனார்கள் என்பதற்குச் சாட்சி இல்லை என்று அவரை விட்டார்கள். அரசப்பனும் கடைசிவரை அவர் பெயரைச் சொல்லவில்லை. நிலச் சட்டம் வந்து ரெங்கசாமியின் உபரி நிலத்தில் கொஞ்சம் கீழத்தெருவுக்குக் கிடைத்தது. கண்ணாத்தாளுக்கும் ஒரு துண்டு கிடைத்தது. அவள் அதை ஆள் வைக்காமல் தானே நட்டு அறுத்தாள்.

ஒரத்தநாட்டில் வீரையன் நல்ல மெக்கானிக் என்று பெயர் எடுத்தார். அதிகம் பேச மாட்டார், வேலை தாமதம். ஒரு டிரெய்லரைத் தூக்க மற்றவர்கள் கால் மணி எடுத்தால் அவர் ஒரு மணி எடுப்பார். பலகை, கட்டை, முட்டு, தோள் கொடுத்துத் தள்ளல், மறுபடி தள்ளல். கிண்டல் செய்வார்கள். வண்டிக்கு அடியில் போன பிறகு சில நாள் அவர் யாரிடமோ மெதுவாகப் பேசுவது கேட்கும். தனக்குத்தானே பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கால்கள் வந்துகொண்டிருந்தன. தினமும் இல்லை. வெயில் சாய்கிற நேரத்தில், பெரும்பாலும் இடது பக்கம். வந்து நிற்கும். கோபமாக நிற்பது போலவும் இல்லை, காத்திருப்பது போலவும் இல்லை. வயல் வேலை நடுவே ஒருவன் சும்மா நிற்பானே, அப்படி. முதல் சில வருஷம் வீரையன் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பார்க்கத் தொடங்கினார். கேட்க வேண்டியதைக் கேட்டும் பார்த்தார். எதற்கு வருகிறாய் அண்ணே, அன்றைக்கு என்னை வெளியே வரவைத்தது உயிர் பிழைக்கவா, கோர்ட்டில் சொல்லவா. சேறு ஒரு தடவைகூடக் காய்ந்ததில்லை. ராசம்மாள் வேதாரண்யம் போய்ச் சாந்தி செய்துவிட்டு வரலாம் என்றாள். அவர் வேண்டாம் என்றார். வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று தோன்றியதாக அவளிடம் பிறகு சொன்னார்.

ஓய்வு பெற இன்னும் ஒரு மாதம் இருந்தபோது ஒரு மத்தியானம், பண்ணை வாசலில் ஒரு கிழவி வந்து அவர் பெயரைச் சொல்லிக் கேட்டாள். கண்ணாத்தாள். பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. குடவாசலில் இருந்து மூன்று பஸ் மாறி வந்திருந்தாள். கூந்தல் முழுக்க வெளுத்திருந்தது. வீரையன் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, மகள் வயிற்றுப் பேரன் பிறந்திருக்கிறான் என்றாள். வேறு சில ஊர்ச் செய்திகளும் சொன்னாள். ரெங்கசாமி இறந்ததைச் சொன்னாள். பிறகு கொட்டகையில் நின்ற டிரெய்லரைப் பார்த்தாள்.

"இன்னும் வருதா?"

"வருது அண்ணி."

"நான் பாக்கணும்," என்றாள்.

முடியாது, எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவர் சொல்லவில்லை. எழுந்து வேலையைத் தொடங்கினார். தரையைக் குச்சியால் குத்திப் பார்த்தார். பலகை போட்டார். சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்தார். வழக்கத்தைவிட ஒரு வரிசை கூடுதலாக அடுக்கினார், நாலு மூலையிலும். ஜாக்கியை இறக்கிவிட்டு எல்லாப் பக்கமும் தோள் கொடுத்துத் தள்ளினார். அப்படியும் திருப்திப்படாமல் டிரைவர் இருவரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னார். ஒன்றரை மணி நேரம் ஆனது. கண்ணாத்தாள் ஒரு டயர் மேல் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதுச் சாக்கு இரண்டு விரித்தார். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முழங்கால் ஊன்றி, மெல்லப் படுத்து, உள்ளே நகர்ந்தாள். அவர் பக்கத்தில் படுத்தார். மூன்று மணி வெயில் கொட்டகைத் தரையில் ஒரு கோடாக விழுந்திருந்தது. அந்தக் கோட்டில் தூசி பறப்பது தெரிந்தது.

"எந்தப் பக்கம்?"

வீரையன் கையைக் காட்டினார். அவள் தலையைத் திருப்பி அந்தப் பக்கம் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவும் இல்லை, அவள் பார்த்த பக்கம் பார்க்கவும் இல்லை. மேலே அச்சைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியவில்லை. வெளியே ஒரு டிராக்டர் வந்து நின்று மறுபடி கிளம்பிப் போயிற்று. ஒரு கட்டத்தில் அவள் கையை நீட்டினாள், தரை ஓரம் வரை. அங்கே விரல்களால் எதையோ தேய்ப்பது போல, பெண்கள் குழந்தையின் காலைக் கழுவும்போது தேய்ப்பார்களே அப்படி, கொஞ்ச நேரம் தேய்த்தாள்.

பிறகு, போகலாம் என்றாள். அவர் முதலில் வெளியே வந்து கை கொடுத்தார். அவள் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சேலையில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். பார்த்தீர்களா என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"அஞ்சு மணிக்கு மன்னார்குடி பஸ் இருக்குதா?" என்று கேட்டாள்.

இருக்கிறது என்றார் வீரையன். பஸ் நிறுத்தம் வரை கூட நடந்து போய் ஏற்றிவிட்டு, திரும்பி வந்து, கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து டிரெய்லரை இறக்கினார்.